பழைய பாலியோ 1.6-க்கு வீலும் டயரும்: கடையில் ஏறும் அளவு வேறு, பொருந்தும் அளவு வேறு

2001-இல் வந்த ஃபியட் பாலியோ 1.6 ஜிடிஎக்ஸை இன்றைக்கும் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்கள் திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் உண்டு. 100 குதிரைசக்தி இன்ஜின் இன்னும் இழுக்கும். முதலில் கைவிடுவது வீல்தான். வருஷக்கணக்கில் குழியில் விழுந்து எழுந்த அலாய் வீலின் உள்விளிம்பு நெளிந்துவிடும், காற்று நிற்காது. எங்கள் வண்டிக்கு வீல், டயர் இரண்டையும் மாற்றியபோது பார்த்துப் பார்த்துச் செய்ததை எழுதுகிறோம்.

டயர் சைஸை முடிவு செய்துவிட்டு வீல் தேடுவதுதான் பலருக்கும் வழக்கம். அது தலைகீழ். ஹப் (வீல் மாட்டும் சுழல் மையம்), போல்ட், ஆஃப்செட் (வீலின் அகல நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் தள்ளி இருக்கும் தூரம்) மூன்றும் முடிந்த பிறகுதான் டயர்.

ஃபியட்டின் பாலியோ, சியனா, பெட்ரா, ஊனோ எல்லாவற்றுக்கும் நான்கு போல்ட், பி.சி.டி (போல்ட் துளைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம்) 98 மில்லிமீட்டர். கடைகளில் தொங்கும் நான்கு துளை வீல்களில் பெரும்பாலானவை 100. வித்தியாசம் 2 மில்லிமீட்டர்தானே என்று மாட்டிவிடுவார்கள். "போல்ட் ஏறிட்டுல்லா அண்ணாச்சி, பெறவு என்ன?" என்று கேட்பார்கள். ஏறும். ஆனால் ஒவ்வொரு துளையும் 1 மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருப்பதால் போல்ட்டின் கூம்பு துளையின் கூம்பில் ஒரு பக்கம் மட்டும் உட்காரும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் எத்தனை தடவை போட்டாலும் போகாது. கொஞ்ச நாளில் போல்ட் தளரும். 98 வீல் கிடைக்கும்வரை காத்திருப்பதே எங்கள் சிபாரிசு. இல்லையென்றால், கூம்பு வளையம் தனியாக அசையும் போல்ட் வாங்கலாம். அந்த 1 மில்லிமீட்டரை அது ஏற்றுக்கொள்ளும். துளையை அரத்தால் ராவி நீள்வட்டமாக்குவது மட்டும் கூடவே கூடாது.

அடுத்தது நடுத்துளை. பாலியோ ஹப் 58.1 மில்லிமீட்டர். வெளிச்சந்தை வீல்களில் 67.1 அல்லது 73.1 இருக்கும். அந்த இடைவெளியை நிரப்ப வளையம் வேண்டும். கிடைக்காவிட்டால் பேட்டைப் பக்கம் லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்துகொள்ளலாம். அளவை வாயால் சொல்லாமல், துருவைச் சுரண்டிவிட்டு வெர்னியரில் ஹப்பையும் வீலையும் அளந்து எழுதிக் கொடுங்கள். கையால் அழுத்தினால் வளையம் உள்ளே போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் அளவு தப்பு; கழற்றும்போது வீலோடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

போல்ட் எம்12 (12 மில்லிமீட்டர் விட்டம்), மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். ஸ்டீல் வீலில் வந்த போல்ட்டை அலாயில் போட்டால் நீளம் போதாது, ஏனென்றால் அலாயின் தட்டு தடிமன் அதிகம். ஹப்புக்குள் குறைந்தது 12 மில்லிமீட்டர் மரை இறங்க வேண்டும். சுற்றுக் கணக்கில் ஒன்பது, பத்து. அதற்காக அளவுக்கு மீறி நீளமான போல்ட்டும் ஆபத்துதான். பின்பக்க டிரம்முக்குள் நீட்டிக்கொண்டு பிரேக் ஷூவில் தட்டும். போல்ட்டை இறுக்கிவிட்டு, ஜாக்கியில் தூக்கிய நிலையிலேயே பின்வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் அதுதான்.

ஆஃப்செட் அளவு, வீலின் உள்பக்கம் ஈ.டி என்று பொறித்திருக்கும். பழையது 5.5 அங்குல அகலம், ஈ.டி 44, புதியது 6 அங்குலம், ஈ.டி 35 என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் இரு பக்கமும் 6.35 மில்லிமீட்டர் கூடும், ஆஃப்செட் 9 மில்லிமீட்டர் வெளியே தள்ளும். ஆக வெளிவிளிம்பு 15 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே வரும், உள்விளிம்பு சஸ்பென்ஷனிலிருந்து 2.65 விலகும். வெறும் வண்டியில் ஒன்றும் தெரியாது. குற்றால சீசனில் ஐந்து பேரும் சாமானுமாக ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போது பின் ஃபெண்டர் மடிப்பு டயரைச் சீவும். அதனால் டயரின் தோள்பட்டையில் சாக்பீஸ் தடவி, ஆள் ஏற்றி ஓட்டுங்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்தும் பாருங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் உரசும் இடம்.

இப்போது டயர். 175/65 ஆர்14 என்றால் அகலம் 175 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 14 அங்குலம். 175/65 ஆர்14 போட்ட வண்டியில் விட்டம் 583 மில்லிமீட்டர். 185/60 ஆர்14 போட்டால் 578. ஒரு சதவீதம்கூடக் குறையாது. 185/55 ஆர்15-இல் 584.5, கிட்டத்தட்ட சமம். 195/50 ஆர்15-இல் 576. 195/55 ஆர்15-இல் 595. இதில் மீட்டர் 100 காட்டினால், பழைய டயரில் போனதைவிட 2 கிலோமீட்டர் அதிகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள், முதல் கியரில் இழுப்பும் குறையும்.

எங்கள் தேர்வு 185/60 ஆர்14. பக்கச்சுவர் 111 மில்லிமீட்டர், 195/50-இல் 97.5 தான். நான்குவழிச் சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்த 13.5 மில்லிமீட்டர் பெரிதில்லை. மாஞ்சோலைப் பாதையில் கூர்கல் இருக்கிறது, ஊர்ச் சாலைகளில் மழைக்குப் பிறகு ஓரம் தெரியாத குழி இருக்கிறது. அங்கே டயரைவிட ரிம்மைக் காப்பாற்றுவது அந்தப் பக்கச்சுவர்தான். செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் சாலையில் நிற்கும் தண்ணீரையும் அகலம் குறைந்த டயர் எளிதாகக் கிழித்துப் போகும். பதினைந்து அங்குலம் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. அப்படியானால் 185/55-ஐ எடுங்கள்.

டயரில் லோடு எண் கதவோர ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. 82 என்றால் ஒரு டயருக்கு 475 கிலோ. நான்கு இலக்கத் தேதியையும் படியுங்கள். 2324 என்றால் 2024-இன் 23-ஆம் வாரம். அதிகம் விற்காத சைஸ்களில் பழைய ஸ்டாக் தலையில் கட்டப்படும்.

பழைய வீல் வாங்கினால், டயர் மாட்டும் முன் வெறும் வீலைப் பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டு உள்விளிம்பைக் கவனியுங்கள். வெல்டிங் தழும்பு தெரிந்தால் வேண்டாம். மாட்டும்போது குறுக்கு வரிசையில், காற்றுத் துப்பாக்கி இல்லாமல், டார்க் ரென்ச்சில் 85 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்குங்கள். மரையில் எண்ணெய் தடவ வேண்டாம். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை ரென்ச் வையுங்கள். புது வீலில் கூம்பு அமர்ந்தபின் பிடி தளர்ந்திருக்கும். காற்றைக் காலையில், வண்டி வெயிலில் இறங்கும் முன் பார்க்க வேண்டும். பத்து டிகிரி செல்சியஸ் சூட்டுக்குச் சுமார் 1.5 பிஎஸ்ஐ ஏறும் என்பதால், சித்திரை மதியத்தில் பார்த்துக் குறைத்தால் மறுநாள் காலை காற்று பற்றாது.