காற்றில் ஒரு சிக்குக் கோலம்

வி.ஆர். (கண்ணை மூடும் ஹெட்செட்டில் தெரியும் மெய்நிகர் உலகம்) என்றால் துப்பாக்கி விளையாட்டு மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு: 1995லேயே கனடா ஓவியர் சார் டேவிஸ் (Char Davies) 'ஆஸ்மோஸ்' என்று ஒரு வி.ஆர். படைப்பு செய்தார். ஜாய்ஸ்டிக் எல்லாம் கிடையாது. மார்பில் கட்டிய பட்டை மூச்சை அளக்கும். மூச்சை இழுத்தால் மேலே மிதப்போம், விட்டால் இறங்குவோம். அவசரப்பட்டால் வேலைக்கு ஆகாது! வெளியே வந்ததும் சிலர் அழுதார்களாம்.

போன வாரம் நங்கநல்லூரில் பெரியம்மாவுக்கு ஹெட்செட்டை மாட்டி, காற்றிலேயே வரையும் 'ஓப்பன் பிரஷ்' செயலியைப் போட்டுக் கொடுத்தோம். பழக்கதோஷம், குனிந்து தரையில்தான் புள்ளி வைத்தார். அப்புறம் கை மேலே போனது. இடுப்பளவு, தலையளவு என்று சிக்குக் கோலத்தின் கம்பி வளைந்து வளைந்து எழும்பியது. "டேய், இதுக்குள்ளயே நடக்கலாம் போலிருக்கே!" பெரியப்பா போனபிறகு அவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

இதனால் மன அழுத்தம் தீர்ந்துவிடும் என்று விற்பவர்களை நம்பாதீர்கள். 2016ல் டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வில், 45 நிமிடம் கலைவேலை செய்த 39 பேரில் சுமார் முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் குறைந்தது. ஆனால் அவர்கள் கையில் இருந்தது களிமண்ணும் மார்க்கரும்தான், ஹெட்செட் இல்லை. என்னைக் கேட்டால், சும்மா பார்ப்பதைவிடக் கையால் எதையாவது செய்வதில்தான் விஷயம் இருக்கிறது.

ஹெட்செட் மாட்டினால் கண் 'நகர்கிறோம்' என்கிறது, சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உட்காது 'இல்லை' என்கிறது. அதனால் சிலருக்குத் தலை சுற்றும். முதல் தடவை பத்து நிமிடம் போதும். சென்னைப் புழுக்கத்தில் முகத்து ஸ்பாஞ்ச் வேறு நனைந்துவிடும், ஃபேனுக்கு அடியில் நில்லுங்கள்.

வேளச்சேரி பக்கம் யாரிடமாவது ஹெட்செட் இருந்தால் ஒரு ஞாயிறு இரவல் தருவீர்களா? பெரியம்மா மார்கழிக்குள் தேர்க்கோலம் போடணுமாம்.