டிராக்கா, கிராஸ் கன்ட்ரியா?

"சித்தி, ஓட்டத்துல டிராக், கிராஸ் கன்ட்ரி ரெண்டுல ஒண்ணைத்தான் எடுக்கணுமாம். எதை எடுக்க?"

ஸ்பைக் ஷூ ஆணிகளுக்கு நடுவே இறுகிப்போன சேற்றைக் குச்சியால் நோண்டிக்கொண்டே கேட்டாள் அக்கா மகள்.

டிராக், அதாவது மைதானத்து ஓடுபாதையில், ஒளிய இடமில்லை. ஒரு சுற்று 400 மீட்டர். 5000 மீட்டர் என்றால் பன்னிரண்டரைச் சுற்று. சுற்றுக்குச் சுற்று கடிகாரம் உண்மையைச் சொல்லிவிடும். அரை நொடி குறைத்தாலும் அந்த அரை நொடி உன்னுடையது.

கிராஸ் கன்ட்ரி என்றால் மைதானத்தை விட்டு வெளியே, திறந்தவெளியில் ஓடுவது. அதில் மேடும் சேறும் காற்றும் கூடவே ஓடிவரும். நேரத்தைவிட இடம்தான் கணக்கு. அணியில் கணக்கில் வருகிறவர்கள் பிடித்த இடங்களைக் கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகைக்கே வெற்றி.

முப்பதாவதாக வருகிற பிள்ளை கடைசி மேட்டில் ஒருத்தியை முந்தினால், அதிலேயே அணி ஜெயித்துவிடலாம். எனக்கு இது அவ்வளவு பிடிக்கும்!

பின்லாந்து ஓட்டக்காரர் பாவோ நூர்மி 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டிலுமே தங்கம் வாங்கியவர். மேட்டில் சேர்த்த வலு டிராக்கின் கடைசிச் சுற்றில் கைகொடுக்கும்.

சீசன் மோதாவிட்டால் இரண்டையும் ஓடு என்றேன். ஒன்றுதான் என்று பயிற்சியாளர் கறாராகச் சொன்னால், இந்த வயதுக்கு கிராஸ் கன்ட்ரி.