செத்தவர்கள் எல்லாரும் மேலும் கீழுமாக வந்தவர்கள்

மூன்று வாரமாகப் படுத்திய கரடி நேற்று ராத்திரி வழிக்கு வந்துவிட்டது! கோடோ என்ற ஆட்டம் உருவாக்கும் மென்பொருளில் நான் செய்துவரும் ஆர்பிஜியில் (ஒரு பாத்திரமாக ஆடி, லெவல் லெவலாகப் பலம் கூட்டும் ஆட்டம்) இரண்டாவது காட்டில் நிற்கிற 14ஆம் லெவல் கரடி இது. அங்கே வருகிறவர் 5ஆம் லெவலில்தான் இருப்பார். பார்த்ததும் ஒதுங்கிப் போக வேண்டும். விளையாடிப் பார்த்த ஐந்து பேரில் நாலு பேர் நேராகப் போய் அடி வாங்கிச் செத்தார்கள்.

முதலில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்தின் பாணியில், எதிரி எவ்வளவு பலசாலி என்று காட்ட, சாம்பல், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று பெயருக்கு நிறம் கொடுத்தேன். நண்பர் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது என்பதால் தலைக்கு மேல் மண்டை ஓடும் வைத்தேன். சாவு குறையவில்லை.

பிறகுதான் பதிவுகளை ஓட்டிப் பார்த்தேன். செத்த நாலு பேரும் மேலிருந்தோ கீழிருந்தோ வந்தவர்கள். என் திரை 480க்கு 270. ஆள் நடுவில் நிற்பதால் பக்கவாட்டில் 240 பிக்சல் தெரியும், மேலே கீழே 135தான். கரடி பாய்கிற வட்டத்தின் ஆரம் 130. ஆள் நொடிக்கு 120 பிக்சல் ஓடுகிறார். அப்படியென்றால் கரடி கண்ணில் பட்டு 0.04 நொடியில் பாய்ந்துவிடும். கீழிருந்து வருகிறவருக்கு அதுவும் இல்லை. மண்டை ஓடு கரடியின் தலைக்கு மேல் இருப்பதால் அப்போதும் திரைக்கு வெளியேதான் இருக்கும். இதில் எந்த நிறம் வைத்து என்ன பயன்?

ஓடுகிற திசையில் காமிராவை 60 பிக்சல் தள்ளினேன். இப்போது 0.54 நொடி கிடைக்கிறது. 90 தள்ளிப் பார்த்தபோது திரும்பும்போதெல்லாம் தலை சுற்றியது. 60கூட மெதுவாக நகர்ந்தால்தான் சரிப்படுகிறது. அதோடு 220 பிக்சல் தூரத்திலேயே ஓர் உறுமல். கரடி கண்ணில் படுமுன்பே காதில் விழுகிறது. உறுமல் ஃப்ரீசவுண்ட் என்ற ஒலித் தளத்தில் எடுத்தது. அங்கே எடுப்பவர்கள் ஒவ்வொரு ஒலிக்கும் உரிமத்தைத் தனியாகப் பாருங்கள், சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்த முடியாது.

2010இல் வந்த ஸெனோபிளேட் குரோனிக்கிள்ஸ் ஆட்டத்தில் ஆரம்பத்திலேயே வருகிற கவுர் சமவெளியில் 81ஆம் லெவல் குரங்கு ஒன்று உலாவும். தூரத்திலேயே அதன் உருவம் தெரிந்துவிடும், யாரும் சொல்ல வேண்டியதில்லை. மேலிருந்து பார்க்கிற 2டி ஆட்டத்தில் அந்தத் தூரமே கிடையாது. அந்தக் குறையை ஒலியை வைத்துத்தான் நிரப்ப முடியும் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

அடுத்து எர்த்பவுண்ட் ஆட்டத்தில் இருப்பதுபோல, பலம் கூடியவரைக் கண்டால் பலவீனமான எதிரிகள் ஓட வேண்டும். காட்டுப்பன்றிக்கு எழுதத் தொடங்கிவிட்டேன், பாதியில் நிற்கிறது. சதுப்பு நிலத்துப் பாம்பு இன்னும் பாக்கி. அது புல்லுக்குள் ஒளிந்திருக்கும், உறுமவும் உறுமாது. புல் அசைவை 220 பிக்சலில் தொடங்கி வைத்துப் பார்க்கப்போகிறேன்.