மீஞ்சூரில் விட்ட புறா ஏன் லேட்டாக வந்தது: மூன்று மாத நோட்டு

வட சென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எட்டு ஹோமர் புறா வளர்க்கிறேன். ஜூலையில் டாஸ் விட ஆரம்பித்தேன். கூடையில் எடுத்துப்போய் வெளியே ஓர் இடத்தில் திறந்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பிவரப் பழக்குவதைத்தான் டாஸ் என்போம்.

வேலை ஆவடிப் பக்கம். வாரத்தில் இரண்டு நாள் பைக்கில் கூடையைக் கட்டிக்கொண்டு போய் காலை 6:40 வாக்கில் அங்கே திறந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் பிடித்து மீஞ்சூரில் இறங்கித் திறந்துவிடுவேன். மேப்பில் நேர்க்கோடு போட்டால் ஆவடி சுமார் 19 கிலோமீட்டர், மீஞ்சூர் சுமார் 17. மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது ஹோமருக்குச் சாதாரண வேகம். இரண்டு இடத்திலிருந்தும் இருபது நிமிடத்தை ஒட்டி வந்துவிட வேண்டும். புறா கூண்டுக்குள் நுழையும் நேரத்தை மாடியில் இருந்து என் தங்கை குறித்து வைப்பாள்.

ஆவடிப் புறாக்கள் 16 முதல் 22 நிமிடத்தில் உள்ளே. மீஞ்சூர்ப் புறாக்கள் 48 முதல் 71 நிமிடம். ஒரு ஞாயிறு என்றால் விட்டுவிடலாம், நான்கு ஞாயிறும் இப்படித்தான். அதே எட்டு புறா, மீஞ்சூர் இரண்டு கிலோமீட்டர் கிட்ட வேறு.

முதலில் எனக்குத் தோன்றியது காற்று. ஜூலை, ஆகஸ்ட் காலையில் மேலைக்காற்று. ஆவடியிலிருந்து கிழக்கே வரும் புறாவுக்கு அது முதுகில் தள்ளும், மீஞ்சூரிலிருந்து தெற்கே வரும் புறாவுக்குப் பக்கவாட்டில் அடிக்கும். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. நாளைக்கு ஆவடிப் புறா லேட்டாக வந்தாலும் அதற்கும் காற்றையே காரணம் சொல்லிவிடுவேனே!

புறா எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் குஸ்தாவ் கிராமர் என்ற ஆராய்ச்சியாளர் 1950-களின் தொடக்கத்தில், பறவை சூரியனைத் திசைகாட்டியாக வைத்துக்கொள்கிறது என்று கண்டார். நம் மைனாவுக்கு உறவான ஸ்டார்லிங்கைக் கூண்டில் வைத்து, கண்ணாடியால் வெயில் வரும் திசையைத் திருப்பினார். பறவை போக நினைத்த திசையும் கூடவே திரும்பியது. ஆனால் சூரியன் ஓர் இடத்தில் நிற்காதே? அதை வைத்துத் திசை பார்க்க வேண்டுமானால் பறவைக்கு மணியும் தெரிந்திருக்க வேண்டும். இங்கிருந்துதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை வருகிறது. புறாவைச் சில நாள் மூடிய அறையில் வைத்து, விளக்கு போடும் நேரத்தையும் அணைக்கும் நேரத்தையும் ஆறு மணி நேரம் நகர்த்திவிடுகிறார்கள். அதன் உடம்புக் கடிகாரமும் ஆறு மணி நேரம் நகர்ந்துவிடும். சூரியன் மணிக்கு 15 பாகை வீதம் நகர்வதாக வைத்துக்கொண்டால் ஆறு மணி நேரத்துக்கு 90 பாகை. ஆகவே இந்தப் புறாவை வெயிலில் திறந்துவிட்டால் வீட்டுத் திசையிலிருந்து சுமார் 90 பாகை விலகிக் கிளம்ப வேண்டும். கிளம்பியது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "திசை மாறும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எந்தப் பக்கம், எவ்வளவு என்று புறா பறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். நேராக வீட்டுப் பக்கம் பறந்திருந்தால் அந்தக் கருத்து அன்றைக்கே விழுந்திருக்கும்.

மறுநாள் நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்தேன். இடது பக்கம் என் ஊகமும், அது சரியென்றால் என்ன நடக்க வேண்டும் என்பதும். புறாவைத் திறப்பதற்கு முன்பே பேனாவால் எழுதிவிட வேண்டும். வலது பக்கம் நடந்தது.

காற்றுக்கு எழுதியது இது: "மதியம் கடற்காற்று வந்தபின் ஆவடியில் விட்டால் எதிர்காற்று. மீஞ்சூர் போலவே 45 நிமிடத்துக்கு மேல் ஆக வேண்டும்." ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆவடியில் விட்டேன். கிழக்கிலிருந்து காற்று நன்றாக அடித்தது, கூடை மேல் போட்டிருந்த துணி பறந்துபோனது. புறாக்கள் உள்ளே போனது 23 முதல் 29 நிமிடத்தில். காற்றால் ஆறேழு நிமிடம் கூடுகிறது, அது உண்மை. அரை மணி நேரத்தை அதன் தலையில் கட்ட முடியாது.

அடுத்தது எதிர்வீட்டு அண்ணன் சொன்னது. முப்பது வருஷமாகப் புறா வளர்ப்பவர். "அத்திப்பட்டு பக்கம் டவர் லைன் எவ்ளோ போகுது பார்த்தியா தம்பி? அதுகிட்ட வந்தா புறாவுக்கு மண்டை சுத்திடும்" என்றார். அங்கே அனல்மின் நிலையம் இருக்கிறது, உயர் அழுத்தக் கம்பிகளும் போகின்றன. மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்கும். புறா காந்தத்தை உணர்கிறது என்ற கருத்துக்குப் பெரிய வரலாறே உண்டு. 1971-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து வில்லியம் கீட்டன், புறாக்களின் மேல் சின்னக் காந்தத் துண்டை ஒட்டிப் பறக்கவிட்டதை வெளியிட்டார். வெயில் நாளில் அவை ஒழுங்காகத் திசை பிடித்தன, மேகமூட்ட நாளில் தடுமாறின. சூரியன் தெரிந்தால் சூரியன், தெரியாவிட்டால் காந்தம் என்று அதற்குப் பொருள் கொண்டார்கள்.

அண்ணன் சொன்னதை இதோடு சேர்த்தால் சோதிக்க ஒரு வழி கிடைத்தது. "டவர் லைன்தான் காரணம் என்றால், மேகமூட்ட ஞாயிறில் வெயில் ஞாயிறைவிட மோசமாக வர வேண்டும்." ஆகஸ்டில் ஒரு ஞாயிறு காலை முழுக்க மூடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு 48 முதல் 66. அடுத்த வாரம் பளிச்சென்ற வெயிலில் 52 முதல் 70. வித்தியாசம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் இதை நான் அடிக்கவில்லை, பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். ஒரே ஒரு மேகமூட்ட நாள், எட்டே புறா. கீட்டனே அடுத்த ஆண்டுகளில் அந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார். அவர் இறந்தபின் 1988-இல் அந்த முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டபோது, முதலில் கண்ட விளைவு அவற்றில் தெளிவாக வரவில்லை. புறா அலகில் உள்ள இரும்புச்சத்து மிகுந்த செல்கள்தான் காந்தத்தை உணர்கின்றன என்று பல வருஷம் நம்பியிருந்தார்கள். அவை நோய் எதிர்ப்பு வேலை செய்யும் சாதாரண செல்கள் என்று 2012-இல் தெரியவந்தது. இவ்வளவு பெரிய ஆட்களே திரும்பப் போய்ப் பார்க்கும்போது, நான் ஒரு ஞாயிறை வைத்து எதையும் முடித்துவிடக் கூடாது.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, மீஞ்சூர் பிளாட்பாரத்தில் திரும்பும் ரயிலுக்கு நிற்கும்போது தங்கைக்குப் போன் செய்தேன். புறா கிளம்பி இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

"எதுனா வந்துச்சா?"

"ஒண்ணும் உள்ள போகலண்ணா. எல்லாம் எதிர்வீட்டு தண்ணி டேங்க் மேல உக்காந்துனு இருக்கு."

"எப்ப வந்துச்சு?"

"அது அப்பவே வந்துடுச்சு. நீ உள்ள போற டைம்தானே எழுதச் சொன்ன?"

ரயில் வந்தது, ஏறாமல் நின்றேன். நான் கேட்டதைத்தான் அவள் எழுதியிருக்கிறாள். இரண்டு மாதமாக நான் அளந்தது பறந்த நேரத்தை இல்லை. பறந்த நேரமும் டேங்க் மேல் உட்கார்ந்திருந்த நேரமும் சேர்ந்தது அது.

அப்படியானால் ஆவடியிலிருந்து வந்தால் மட்டும் ஏன் நேராக உள்ளே போகிறது? அன்று மாலை நோட்டைப் புரட்டினேன், அதில் பதில் இல்லை. கையில்தான் இருந்தது. இரை போட்டுவிட்டு ஒரு புறாவைத் தூக்கிப் பிடித்தேன். கழுத்துக்குக் கீழே தீனிப்பை உருண்டையாக இருந்தது. விரலால் மெல்லத் தடவினால் உள்ளே கம்பும் பச்சைப்பயறும் மணல் மூட்டை போல நெருநெருவென்று நகர்ந்தன. சட்டென்று உறைத்தது. எங்கள் வீட்டில் இரை மாலையில் ஒரு வேளைதான். ஆவடிக்குப் போகும் காலையில் அவசரம், எதுவும் போடாமல் கிளம்புவேன். ஞாயிறு ரயிலுக்கு நேரம் இருக்கும், பாவம் என்று இரண்டு கைப்பிடி போட்டுவிட்டுத்தான் கூடையில் ஏற்றுவேன். வயிறு நிறைந்த புறா கூண்டுக்குள் போக ஏன் அவசரப்பட வேண்டும்?

இப்போது தலைகீழாக மாற்றினேன். இடது பக்கம் எழுதியது: "மீஞ்சூர், இரை போடாமல்: எட்டும் 25 நிமிடத்துக்குள் உள்ளே. ஆவடி, இரை போட்டு: டேங்க் மேல் 25-க்குள், உள்ளே 40-க்கு மேல்." தங்கையிடம் இரண்டு நேரம் குறிக்கச் சொன்னேன், வந்து உட்கார்ந்தது, உள்ளே போனது.

மீஞ்சூர்: ஆறு புறா 19 முதல் 24-க்குள் உள்ளே, இரண்டு 27. ஆவடி: உட்கார்ந்தது 17 முதல் 23. உள்ளே போனது, ஏழு புறா 41 முதல் 64. மறு வாரம் இன்னொரு முறை செய்தேன், ஒன்றிரண்டு நிமிடம் தவிர அதேதான். அண்ணனைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினேன். பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி தம்பி, இது தீனி விஷயம். லைன் விஷயத்த மழைக்காலத்துல இன்னும் நாலு தடவ பார்த்துடு" என்றார். அவர் சொல்வது நியாயம், பார்க்கப்போகிறேன்.

ஆவடிக் கணக்கில் ஏழு என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். எட்டாவது, வெள்ளைச் சிறகு பெட்டை, வயிறு நிறைய இரை இருந்தும் இரண்டு வாரமும் 21 நிமிடத்தில் நேராக உள்ளே போய்விட்டது. அதற்கு மட்டும் கூட்டில் பத்து நாள் குஞ்சு இரண்டு இருந்தன. குஞ்சுதான் இழுத்ததா, இல்லை இந்தப் பெட்டையின் குணமே அதுதானா, இதை வைத்துச் சொல்ல முடியாது.

இப்போது வேறு இரண்டு ஜோடி முட்டையில் உட்கார்ந்திருக்கின்றன. பதினெட்டு நாளில் பொரிக்கும். அவற்றின் குஞ்சுகளுக்குப் பத்து நாள் ஆகும்போது வெள்ளைச் சிறகின் குஞ்சுகள் பெரிதாகித் தனியே இரை எடுத்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு எட்டுக்கும் இரை போட்டு பொன்னேரியில் விடப்போகிறேன். இடது பக்கம் எழுதிவிட்டேன்: "குஞ்சு காரணம் என்றால், அந்த நான்கும் நேராக உள்ளே. வெள்ளைச் சிறகு டேங்க் மேல்."