கெட்: அடுத்து வரும் வார்த்தையைப் பாருங்கள்

'கெட்' என்ற சின்ன வார்த்தைக்கு ஆங்கில அகராதியில் பக்கக்கணக்கில் பொருள் போட்டிருப்பார்கள். அதை மனப்பாடம் செய்வது வீண். அதற்கு அடுத்து என்ன வருகிறது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

பெயர்ச்சொல் வந்தால் கிடைப்பது, வாங்குவது. 'எனக்கு வேலை கிடைத்தது' என்பதில் எழுவாய் வேலை. ஆள் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார். ஆங்கிலத்தில் ஆள்தான் எழுவாய்: 'ஐ காட் எ ஜாப்'. கடைகளில் காதில் விழும் 'தட் மாடல் இஸ் நாட் கெட்டிங் நவ்' நம் 'கிடைப்பதில்லை'யின் அச்சு. 'வீ டோன்ட் கெட் தட் மாடல் நவ்' என்பதுதான் சரி.

பண்புச்சொல் வந்தால் நிலை மாறுகிறது. 'ஐ வாஸ் ஆங்ரி' என்றால் கோபமாக இருந்தேன். 'ஐ காட் ஆங்ரி' என்றால் கோபம் வந்துவிட்டது. இடம் வந்தால் போய்ச் சேர்வது: 'காட் டு மதுரை'. ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் அந்த 'டு' கிடையாது. 'காட் டு ஹோம்' தப்பு.

அதிகம் சறுக்குவது முடி வெட்டும் விஷயத்தில். 'முடி வெட்டிக்கிட்டேன்' என்றால் சலூனில் உட்கார்ந்து வந்தோம் என்று எல்லோருக்கும் புரியும். அதையே 'ஐ கட் மை ஹேர்' என்றால் கண்ணாடி முன் நின்று தானே கத்தரி போட்டதாகத்தான் பொதுவாக அர்த்தமாகும். 'ஐ காட் மை ஹேர் கட்' என்பதே சலூன். வரிசை முக்கியம்: கெட், பிறகு பொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம். 'காட் த ஃபோன் ரிப்பேர்ட்', 'காட் த ஷர்ட் அயர்ன்ட்'. 'ஐ காட் ரிப்பேர்ட் த ஃபோன்' என்று மாற்றிப்போட்டால் வாக்கியம் உடைந்துவிடும்.

ஆளைக் கொண்டு செய்யவைத்தால் ஒரு 'டு' நுழையும்: 'ஐ காட் ஹிம் டு சைன்'. இதில் பேசிச் சம்மதிக்க வைத்த சாயல் இருக்கிறது. 'ஐ மேட் ஹிம் சைன்' என்றால் வற்புறுத்தல், அங்கே 'டு' வராது. தமிழில் இரண்டுமே 'கையெழுத்துப் போட வைத்தேன்'தான். கல்யாணத்துக்கும் 'டு'தான்: 'காட் மேரீட் டு எ டாக்டர்'. டாக்டரோடு கல்யாணம் என்று நினைத்து 'வித்' போட்டுவிடுகிறோம்.

கெட்டின் மூன்றாம் வடிவமாக 'காட்டன்' என்று எழுதுவது தப்பா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் அதுதான் வழக்கம், பிரிட்டனில் பெரும்பாலும் 'காட்'. 'ஃபர்காட்டன்' மட்டும் இரு பக்கமும் அப்படியே நிற்கிறது. அலுவலகக் கடிதத்தில் கெட்டைக் குறைத்து 'ரிசீவ்', 'பிகம்' என்று எழுதுங்கள். பேச்சில் அப்படிப் பேசினால் விறைப்பாக இருக்கும்.

பஸ்ஸில் நாம் சொல்லும் 'கெட் டவுன்' இந்தியாவில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டில் குனியச் சொல்கிறார்களோ என்று விழிப்பார்கள். எழுந்து நடமாட இடமுள்ள பஸ், ரயில், விமானத்துக்கு 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'; ஏறி உட்காரும் சைக்கிள், பைக்குக்கும் அதுவே. குனிந்து உள்ளே நுழையும் கார், ஆட்டோவுக்கு 'கெட் இன்', 'கெட் அவுட் ஆஃப்'. ஆட்டோவில் கூட வந்தவரை இறங்கச் சொல்லும்போது கடைசி 'ஆஃப் த ஆட்டோ'வை விழுங்கிவிடாதீர்கள். வெறும் 'கெட் அவுட்' வசவாகிவிடும்.