லாப்ரடாரின் பாறைக்கரை

சிங்கப்பூரில் கடற்கரை என்றதும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் மணலும் சைக்கிள் பாதையும்தான் பெரும்பாலோர் நினைவுக்கு வரும். அந்தக் கரை கடலைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த நம் நிலப்பரப்பு இன்று 730ஐத் தாண்டியிருக்கிறது. பழைய கரைகளில் பெரும்பகுதி அந்த வளர்ச்சியில் மறைந்துபோயிற்று. பெருந்தீவில் பொதுமக்கள் சென்று காணக்கூடிய ஒரே பாறைக் கடற்குன்று லாப்ரடாரில் இருக்கிறது. அதனால்தான், 2002ஆம் ஆண்டு இயற்கை வனப்பகுதியாக அறிவிக்கப்பட்ட அந்தச் சிறு நிலத்துண்டை நான் இவ்வளவு பெரிதாக மதிக்கிறேன்.

லாப்ரடார் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கி, பெர்லேயர் ஓடையின் சதுப்புநிலக் காட்டை ஒட்டிய மரப்பாதையில் நடந்தால் கடலுக்கு வந்துவிடலாம். குன்றின் முகத்தில் படிவுப் பாறைகள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. மென்மையான அடுக்கை அலை அரித்துவிட, கடினமானது துருத்திக்கொண்டு நிற்கிறது. இதைப் பார்க்க நீர் வற்றும் நேரம்தான் ஏற்றது. வீட்டு நாட்காட்டியில் அமாவாசையையும் பௌர்ணமியையும் குறித்துவைத்துக்கொண்டால் போதும்; அந்நாள்களை ஒட்டியே கடல் மிகவும் உள்வாங்கும். அப்போது பாறையின் மேற்பகுதியில் கொட்டலசுகள், அதாவது பாறையில் ஒட்டி வாழும் ஓடுள்ள சிற்றுயிர்கள், ஈரம் போகாதபடி தம் ஓடுகளை இறுக மூடிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே நத்தைகள், நண்டுகள், இன்னும் கீழே கடற்புல். எவ்வளவு நேரம் வெயிலைத் தாங்க முடியுமோ அதற்கேற்ற உயரத்தில் ஒவ்வோர் உயிரும் குடியிருக்கிறது. இறங்கக் கூடாது என்ற அறிவிப்பு உள்ள இடங்களில் தயவுசெய்து இறங்காதீர்கள்; படகுத்துறையில் நின்றே நிறையப் பார்க்கலாம்.

லாப்ரடாருக்கும் செந்தோசாவுக்கும் இடையிலுள்ள நீரிணையின் வாயிலில் ஒரு காலத்தில் 'டிராகன் பல்' என மாலுமிகள் அழைத்த பாறை நின்றது. 14ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி வாங் தாயுவான் குறிப்பிட்ட லோங்யாமென் ('டிராகன் பல் வாயில்') இதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கப்பல் வழியை அகலப்படுத்த 1848ஆம் ஆண்டு பிரிட்டிஷார் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2005ஆம் ஆண்டு கரையில் வைக்கப்பட்ட மாதிரிப் பாறையைப் பார்க்கும்போதெல்லாம், எஞ்சிய குன்றின் மேல் எனக்கு அக்கறை கூடுகிறது. 2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய் இந்தப் பாறைகள்வரை வந்தபோது, கொட்டலசுகளைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட்டேன்.

எதிரே செந்தோசாவின் தஞ்சோங் ரிமாவ் முனையிலும் இயற்கையான பாறைக்கரை உண்டு. அடுத்த பௌர்ணமியை ஒட்டி, கடல் உள்வாங்கும் நேரம் பகலில் அமைந்தால், அங்கே போகலாம் என்றிருக்கிறேன்.