கரையோரப் பறவைகள்: தூரம், காற்று, ஒளி குறித்துச் செய்து பார்த்தவை

600 மி.மீ. லென்ஸ் வந்துவிட்டால் பறவையும் கிட்டே வந்துவிடும் என்ற நினைப்பு, ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தால் போய்விடும். ஃபுல் ஃப்ரேம் (36 மி.மீ. அகல சென்சார்) கேமராவில் 600 மி.மீ. வைத்து 10 மீட்டர் தள்ளிப் பார்த்தால், சட்டத்துக்குள் அடங்கும் அகலம் 60 செ.மீ. சிறு மீன்கொத்தி ஏறத்தாழ 16 செ.மீ. நீளம். பக்கவாட்டில் உட்கார்ந்தால் சட்டத்தில் கால்பங்குக்குச் சற்று மேல் நிறையும். 24 மெகாபிக்சலில் அது சுமார் 1600 பிக்சல் நீளம். அதே மீன்கொத்தி 20 மீட்டரில் 800 பிக்சல்தான். பரப்பளவில் நாலில் ஒரு பங்கு. 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் உருப்பெருக்கி) போட்டால் 20 மீட்டர் 14 மீட்டர் ஆன மாதிரி, ஆனால் ஒரு ஸ்டாப் ஒளி, அதாவது பாதி, போய்விடும். ஆறு மீட்டர் ஊர்ந்து போனால் அதே பலன், ஒளியும் மிச்சம். அதனால் இந்தப் படமெடுக்கும் வேலையில் கேமரா அமைப்புகளைவிட, எங்கே எப்படி உட்காருவது என்பதற்குத்தான் அதிக நேரம் போனது. குறிப்புகளும் அந்த வரிசையிலேயே.

முயன்ற இடங்கள் எல்லாம் ஆழமில்லாத நீர்க்கரை, சேற்றுத்திட்டு, நாணல் ஓரம். கருவி: 24 மெகாபிக்சல் கேமரா, நீண்ட முனையில் எஃப் 6.3 அப்பர்ச்சர் (ஒளி புகும் துவாரம், எண் கூடக் கூடச் சிறிது) திறக்கும் ஜூம் லென்ஸ், தரையோடு ஒட்டி வைக்கும் தட்டையான தாங்கி, ஒரு பீன் பேக் (லென்ஸைப் பதித்து வைக்கும் பை). அடர்காட்டுக்குள் கிளைகளுக்கிடையே மறைந்திருக்கும் பறவைகளுக்கு இதில் பாதி பொருந்தாது.

காற்றும் வெயிலும்

பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், எதிர்த்துத்தான் இறங்கும். எதிர்க்காற்று இருந்தால் குறைந்த வேகத்திலேயே இறக்கைக்குத் தூக்குவிசை கிடைத்துவிடும். ஆகவே காற்று முதுகில் பட உட்கார்ந்தால், இறங்கும் கொக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு வரும். வெயிலும் முதுகில் இருக்க வேண்டும். தன் நிழல் பறவையை நோக்கி நீளுகிறதா என்று பார்த்தால் போதும். இரண்டும் ஒரே பக்கமிருந்து வரும் காலைதான் பறக்கும் படங்களுக்கான காலை. காற்று எதிர்முகமாக அடித்தால், நல்ல ஒளியில் வரிசையாகப் பறவைகளின் முதுகுதான் கிடைக்கும். அன்றைக்குப் பறப்பவற்றை விட்டுவிட்டு, சேற்றில் மேயும் உள்ளான் பக்கம் திரும்புவது நல்லது. பலத்த காற்றில் உட்கார்ந்திருக்கும் பறவையும் காற்றைப் பார்த்தே உட்காரும். இல்லாவிட்டால் இறகு கலைந்துவிடும்.

மீன்கொத்திக்கு இடம் பிடிப்பது எளிது. நீர் மேல் நீட்டிய கிளை அல்லது கழியின் கீழே வெள்ளை எச்சக் கறை படிந்திருந்தால், அது திரும்பத் திரும்ப வந்து உட்காரும் இடம். கறை புதிதாக, ஈரம் முழுக்கக் காயாமல் இருந்தால் இன்னும் உறுதி.

உயரம் என்ற ஒன்று

நின்றபடி எடுத்த படங்களுக்கும் படுத்து எடுத்தவற்றுக்கும் உள்ள வித்தியாசம் 'பறவையின் கண் மட்டம்' என்று சொல்வதோடு முடிவதில்லை. பின்னணி எங்கே போய் விழுகிறது என்பதும் மாறுகிறது. லென்ஸ் 1.6 மீட்டர் உயரத்தில், பறவையின் உடல் தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில், இடையே 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக் கோடு பறவையைத் தாண்டி முக்கால் மீட்டருக்குள் சேற்றில் இறங்கிவிடும். பின்னணி முழுக்கக் கல்லும் குச்சியும் துலக்கமாகத் தெரியும். லென்ஸை 20 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால், அதே கோடு பறவைக்குப் பின்னால் 10 மீட்டர் போய்த்தான் தரையைத் தொடும். பின்னணி பஞ்சாகிவிடும். அப்பர்ச்சரில் ஒரு ஸ்டாப் கூட்டித் திறந்தாலும் இந்த மாற்றம் வராது.

படுப்பதில் இரண்டு சங்கடங்கள். முன்னால் இருக்கும் புல் ஃபோகஸைப் பிடித்து இழுக்கும். இதற்கு லென்ஸில் உள்ள ஃபோகஸ் எல்லை சுவிட்சை, கிட்டத்துத் தூரங்களை விலக்கும் நிலையில் வைக்க வேண்டும். ஆனால் பறவை அந்த எல்லைக்குள் வந்துவிட்டால் லென்ஸ் ஃபோகஸே ஆகாது, பழுதாகிவிட்டதோ என்று தோன்றும். இரண்டாவது சங்கடம் கானல், அதாவது சூட்டில் நெளியும் காற்று. தரையை ஒட்டித்தான் அது மோசம். அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

பீன் பேக்குக்குத் தானியம் நிரப்புவது வழக்கம். நீர்க்கரையில் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், முளையும் விடும். பிளாஸ்டிக் மணிகள் இலகு, நனைந்தாலும் கவலையில்லை. முழுக்கத் திணிக்காமல் முக்கால் பங்கு நிரப்பினால்தான் லென்ஸ் பதிந்து உட்காரும்.

நெருங்கும் விதம்

நேர்கோட்டில் போகக் கூடாது. சாய்வாக இடமும் வலமும் மாறி, பறவையை உற்றுப் பார்க்காமல், லென்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். கடைசி நேரத்தில் லென்ஸைத் தூக்கினால் அந்த அசைவே பறவையைக் கிளப்பிவிடும். மேய்ச்சல் நின்று தலை நிமிர்ந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். மறுபடி மேயத் தொடங்கிய பிறகே அடுத்த அடி. கழுத்து நீண்டு, உடல் ஒடுங்கி, ஒரு எச்சமும் போட்டதென்றால் கிளம்பப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பறக்கும் படம் வேண்டுமானால் அந்த எச்சம்தான் விரலை ஷட்டரில் வைக்கச் சொல்லும் சைகை. ஆனால் நாம் போய்க் கிளப்பிவிடும் பறவை பெரும்பாலும் நமக்கு முதுகைக் காட்டித்தான் போகும். எந்த விதத்தில் பார்த்தாலும் அது நஷ்டம்.

முக்குளிப்பானிடம் வேறு வழி உண்டு. அது மூழ்கினால் பொதுவாகப் பத்து நொடிக்குக் குறையாமல் உள்ளே இருக்கும். மூழ்கியதும் ஐந்து நொடி முன்னேறி, அப்படியே உறைந்துவிட வேண்டும். மேலே வரும்போது நாம் கல் மாதிரிக் கிடந்தால் சட்டை செய்யாது. பேராசைப்பட்டு ஏழெட்டு நொடி நகர்ந்தால், மேலே வந்த கணமே பார்த்துவிட்டு மறுபடி மூழ்கி நாணலுக்குள் போய்விடும்.

இதெல்லாம் போக, முன்கூட்டிப் போய்ச் சும்மா இருப்பதற்கு நிகரில்லை. விடியும் முன்பே மறைப்புக் கூடாரத்துக்குள் போய்விட்டால், உள்ளான்கள் தாமாகவே 5 மீட்டர் வரை மேய்ந்து வரும். கூடாரத்தை அதே காலையில் கொண்டுபோய் நட்டால் பலன் குறைவு. சில நாள் முன்பே தூரத்தில் வைத்து, படிப்படியாக நகர்த்த வேண்டும். துணி காற்றில் படபடக்காமல் இழுத்துக் கட்ட வேண்டும். பறவை பயப்படுவது உருவத்தைவிட அசைவுக்கு. வெளிச்சமான பிறகு உள்ளே போக நேர்ந்தால் இரண்டு பேராகப் போய் ஒருவர் மட்டும் வெளியே வந்து நடந்து போய்விடலாம். ஆள் போய்விட்டார் என்று பெரும்பாலான பறவைகள் அமைதியாகிவிடும்.

கூடு பக்கம் போவதில்லை. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் இல்லை. தாய்ப்பறவை கூட்டை விட்டு விலகியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைக்கும் குஞ்சுக்கும் வெயில், குளிர், காக்கை என்று ஆபத்துதான்.

படம் கலங்கினால் காரணம் எது

கலங்கிய படத்தைப் பார்த்ததும் லென்ஸைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. அசையாமல் நிற்கும் ஒரு பறவையைத் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்து, நூறு சதவீதம் பெரிதாக்கி ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால் காரணம் தானே தெரிந்துவிடும். எல்லாப் படத்திலும் கலங்கல் ஒரே திசையில் இழுத்தாற்போல இருந்தால் கை அல்லது தாங்கியின் அசைவு. பறவை கலங்கி, அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள சேறு மட்டும் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறிய இடம். கூர்மை படத்துக்குப் படம் இடம் மாறினால், அதாவது ஒன்றில் அலகு சரி, அடுத்ததில் கால் சரி, இன்னொன்றில் இறகு விளிம்பு நெளிந்து இருந்தால் அது கானல். கானலுக்கு ஷட்டர் வேகத்தைக் கூட்டியும் பயனில்லை. நெளிந்த காற்றை இன்னும் தெளிவாகப் பிடித்துத் தரும், அவ்வளவுதான்.

தரையும் நீரும் காற்றைவிடச் சூடாக இருக்கும்போது கானல் எழுகிறது. வெயில் ஏறிய பின் 30 மீட்டருக்கு அப்பால் எடுப்பதில் அர்த்தமில்லை. குளிர்ந்த விடியலில் வெதுவெதுப்பான நீர்ப்பரப்பின் மேலும் இது வரும், பலருக்கு இது நம்பமுடியாத விஷயம். இன்னொன்று, லென்ஸ் ஹூட் (லென்ஸ் முனையில் மாட்டும் வளைய மறைப்பு). கதகதப்பான வண்டியிலிருந்து எடுத்த லென்ஸைக் குளிர்காற்றில் நீட்டினால், ஹூட்டுக்குள் இருக்கும் காற்று மட்டும் சூடாகி அங்கேயே கானல் உண்டாகும். அரை மணி முன்பே வெளியே வைத்துவிட்டால் தீர்ந்தது.

ஃபோகஸ் ஆழத்தையும் ஒரு தடவை கணக்குப் பார்த்துவிடுவது நல்லது. 600 மி.மீ., எஃப் 6.3, தூரம் 6 மீட்டர் என்றால் கூர்மையாக விழும் ஆழம் மூன்றரை செ.மீ. அளவுதான். கண்ணில் பிடித்தால் அலகு நுனி மங்கும். எஃப் 9 அல்லது 10 வைத்தால் தலை முழுக்க வரும். 20 மீட்டரில் அதே எஃப் 6.3-க்கு 40 செ.மீ. கிடைக்கிறது, அங்கே அப்பர்ச்சரைச் சுருக்குவது ஒளியை வீணாக்குவது.

வெள்ளைக் கொக்கு, கரிய நீர்க்காகம்

வெயில் நிலையாக இருக்கும்போது ஐஎஸ்ஓ (படத்தை எவ்வளவு வெளிச்சமாக்குவது என்ற அமைப்பு) உட்பட எல்லாவற்றையும் கையால் வைத்துப் பூட்டிவிட வேண்டும். வானத்திலிருந்து மரத்தோப்பின் குறுக்கே போகும்போது கொக்கின் மேல் படும் வெயில் மாறவில்லை, மாறுவது பின்னணிதான். தானியங்கி ஐஎஸ்ஓ அந்தப் பின்னணியை நம்பி, வானத்தில் பறவையை இருட்டாக்கும், தோப்பின் முன்னே வெளுத்துப்போக வைக்கும். நன்றாக ஏறிய வெயிலில் தொடங்குவதற்கு ஐஎஸ்ஓ 400, எஃப் 6.3, 1/2500 நொடி என்பது நடுத்தர நிறப் பறவைக்குச் சரியாக வரும். கொக்குக்கு 1/4000 முதல் 1/5000. சூரியன் எழுந்த முதல் மணி நேரத்தில் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் ஒளி குறைவு, அதை ஐஎஸ்ஓவில் ஈடுகட்டலாம்.

மேகம் வந்து வந்து போகும் நாளில் கையால் வைப்பது நடக்காது. அப்போது தானியங்கி ஐஎஸ்ஓ, கூடவே காம்பன்சேஷன் (கேமரா கணிக்கும் வெளிச்சத்தை நாம் ஸ்டாப் கணக்கில் கூட்டிக் குறைப்பது): கருத்த நீர்ப்பின்னணியில் கொக்குக்கு மைனஸ் 1 சுற்றளவில், வெளுத்த வானத்தில் நீர்க்காகத்துக்கு பிளஸ் 1.3 முதல் 1.7 வரை. அதிக ஒளியில் இறகின் வெள்ளை வெந்துபோனால் பிறகு எந்த மென்பொருளும் இழையைத் திருப்பித் தராது. அப்படி வெந்த இடத்தில் கேமரா திரையில் மினுக்கும் எச்சரிக்கை ஜேபெக் படத்தை வைத்து வருவது, ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பது) அதற்கு மேலும் கொஞ்சம் இடமிருக்கும். இறகில் பொட்டு அளவு மினுக்கினால் பதற வேண்டாம், முதுகு முழுக்க மினுக்கினால் குறைத்தே ஆக வேண்டும்.

உட்கார்ந்திருக்கும் பறவைக்குத் தாங்கி இருந்தால் 1/250 போதும் என்பார்கள். சிறு பறவை தலையை வெடுக்கென்று திருப்பும், அதனால் 1/500-க்குக் கீழே இறங்கினால் படங்களில் பெரும்பாலானவை வீண். நடந்து மேயும் உள்ளானுக்கு 1/1000, நிதானமாகப் பறக்கும் நாரைக்கு 1/1600, ஆலாவுக்கு 1/2500, தகைவிலானுக்கும் பாயும் மீன்கொத்திக்கும் 1/3200-க்கு மேல். மங்கிய ஒளியில் ஐஎஸ்ஓ 6400 ஏறினாலும் ஏறட்டும். மணல்மணலான புள்ளிகளைப் பின்னால் குறைக்கலாம், இழுபட்ட இறகைச் சரிசெய்ய வழியில்லை.

கண்ணைத் தேடும் ஃபோகஸ், வளையும் இறக்கை

கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் ஃபோகஸ் வசதி பெரும்பாலான வேலையைப் பார்த்துக்கொள்கிறது. தடுமாறும் இடங்கள் சில: நாணல் குறுக்கே இருக்கும்போது, தலையும் கண்ணும் ஒரே கருமையாக இருக்கும்போது, கூட்டத்தில் முன்னால் நிற்பது ஒன்றும் நாம் விரும்புவது இன்னொன்றுமாக இருக்கும்போது. இதற்கு இரண்டு பொத்தான்கள் ஒதுக்குவது உதவும். ஒன்றில் கண் தேடல், மற்றதில் ஒற்றைச் சிறுபுள்ளி. நாணலுக்குள் புள்ளியால் உடலில் பிடித்துவிட்டு, விரலை நகர்த்திக் கண் தேடலுக்கு மாறினால் அது பக்கத்திலிருந்தே தேடத் தொடங்கும்.

எலக்ட்ரானிக் ஷட்டரில் ஓசை இல்லை, கூடாரத்துக்குள் அது பெரிய வசதி. ஆனால் சென்சார் வரிவரியாக வாசிக்கப்படுவதால், வாசிப்பு மெதுவான கேமராக்களில் ஆலாவின் இறக்கை ரப்பர்போல வளைந்து பதிவாகிறது. 1/4000 வைத்தாலும் வளைவு போகாது, காரணம் வாசிக்கும் நேரம்தானே தவிர ஷட்டர் வேகம் அல்ல. அடுக்கு சென்சார் (வேகமாக வாசிக்கும் வகை) இல்லாத கேமராவில் உட்கார்ந்தவற்றுக்கு எலக்ட்ரானிக், பறப்பவற்றுக்கு மெக்கானிக்கல் என்று பிரித்துவைப்பதே சரிப்பட்டது.

அடுத்து முயல்வது மீன்கொத்தி நீரைத் தொடும் கணம். ஷட்டரை அரைவாசி அழுத்தும்போதே படங்களைச் சேமித்துவைத்து, முழுக்க அழுத்தியதும் அதற்கு முந்தைய அரை நொடியையும் எழுதித்தரும் வசதி இதற்குத்தான். பாயும் பறவையைப் பின்தொடராமல், கழிக்கு நேர் கீழே நீர்ப்பரப்பில் மிதக்கும் ஓர் இலையில் ஃபோகஸைப் பூட்டி, எஃப் 9, 1/4000 வைத்துக் காத்திருக்கும் திட்டம். இந்த வசதி பல கேமராக்களில் எலக்ட்ரானிக் ஷட்டரில் மட்டுமே வேலை செய்கிறது. ஆகவே இறக்கை வளைவு இங்கேயும் வந்து நிற்கும். இறக்கையை ஒடுக்கிக்கொண்டு விழும் நிலையில் அது எந்த அளவுக்குக் கண்ணை உறுத்துகிறது என்று பார்க்க வேண்டும்.